கேள்விக்குறியோடு நின்ற சொல்

தாளில் வரைந்த ஒரு கோட்டோவியம். தட்டையான உச்சந்தலை, கனத்த இமைகள், தையலிட்ட நெற்றி: உலகம் முழுவதும் அறிந்த ஓர் அரக்கனின் முகம். தாளைத் திருப்பினால் அதன் பின்புறத்தில் ஓர் இளைஞனின் பெயரும், 'நண்பன்' என்னும் பொருள் தரும் ஒற்றைச் சொல்லும் காணப்படுகின்றன. அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. எழுதியவர் 67 வயதான ஒரு முதியவர். அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

1998ஆம் ஆண்டு பில் காண்டன் இயக்கி வெளிவந்த 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் இந்தக் கேள்விக்குறியை நோக்கியே நகர்கிறது. 'தெய்வங்களும் அரக்கர்களும்' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முதுமை பற்றியும் தனிமை பற்றியும் எத்தனையோ படங்கள் வந்துள்ளன. தன்பால் ஈர்ப்புக் கொண்ட ஓர் ஆணின் முதுமையை, இரக்கம் யாசிக்காமலும் ஏளனத்துக்கு இடம் தராமலும் காட்டிய படங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. கவிஞர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் இப்படத்தை முன்வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. துயரத்தைச் சொல்வதற்கு மொழி இருந்தும், சொல்லும் உரிமை இல்லாமற் போன ஒரு மனிதனின் கதை இது.

கதையின் நாயகர் கற்பனை மாந்தர் அல்லர். ஜேம்ஸ் வேல் 1889 ஜூலை 22ஆம் நாள் இங்கிலாந்தின் டட்லி நகரில் பிறந்தவர். தந்தை இரும்பு உலையில் உழைத்த தொழிலாளி. ஏழு குழந்தைகளில் வேல் ஆறாமவர். செருப்புத் தைக்கும் தொழிலில் சிறிது காலம் ஈடுபட்டு, பின்னர் ஓவியம் பயின்றார். முதல் உலகப் போரில் அதிகாரியாகச் சென்று, 1917இல் எதிரிகளிடம் பிடிபட்டு, ஜெர்மனியின் ஹோல்ஸ்மிண்டன் முகாமில் சிறைப்பட்டார். நாடகம் போடக் கற்றுக்கொண்டது அந்த முகாமில்தான். போர்முனைப் பதுங்குகுழிகளைக் களமாகக் கொண்ட ஆர்.சி. ஷெரிஃப் எழுதிய 'ஜர்னீஸ் எண்ட்' நாடகத்தை 1928இல் லண்டனில் அவர் மேடையேற்றினார். அந்நாடகத்தின் வெற்றியே அவரை ஹாலிவுட்டுக்குக் கொண்டு சேர்த்தது. 'பிராங்கென்ஸ்டைன்' 1931இலும், 'தி இன்விசிபிள் மேன்' 1933இலும், 'பிரைட் ஆஃப் பிராங்கென்ஸ்டைன்' 1935இலும் வெளிவந்தன. 1937இல் எடுத்த 'தி ரோட் பேக்' படத்தை நாஜி ஜெர்மனியின் நெருக்குதலுக்கு அஞ்சிய படநிறுவனம் வெட்டிச் சிதைத்தது. அதன் பிறகு அவருடைய செல்வாக்கு சரிந்தது. 1940களின் தொடக்கத்தில் திரைத்தொழிலிலிருந்து ஒதுங்கி, ஓவியம் தீட்டிக்கொண்டு வசதியாகவே வாழ்ந்தார். 1956இல் பக்கவாத நோய் தாக்கியது. 1957 மே 29ஆம் நாள் தம் வீட்டு நீச்சல் குளத்தில் அவர் இறந்து கிடந்தார்.

அவரது கடைசி நாட்களைக் கற்பனை கலந்து கிறிஸ்டோபர் பிராம் 1995இல் ஒரு நாவலாக எழுதினார். அந்த நாவலே இப்படத்தின் மூலம். இயன் மெக்கெல்லன் வேலாகவும், பிரெண்டன் ஃப்ரேசர் தோட்டக்காரன் கிளேட்டன் பூனாகவும், லின் ரெட்கிரேவ் வீட்டுப் பணிப்பெண் ஹானாவாகவும் நடித்தனர். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது 1999இல் காண்டனுக்குக் கிடைத்தது. கிளேட்டன் பூன் வரலாற்றில் இருந்தவன் அல்லன், நாவலாசிரியரின் படைப்பு. வேலின் வாழ்க்கை தந்த கேள்விக்கு விடை தேடுவதற்காகவே அவன் படைக்கப்பட்டிருக்கிறான்.

கதை எளியது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய வேலின் மூளையில் நோய் ஒரு விந்தையான ஊறு விளைவித்திருக்கிறது. நினைவுகள் அழைக்காமலே வருகின்றன. ஒரு மணம், ஒரு வெளிச்சம், ஓர் ஓசை போதும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய காட்சி கண்முன் எழுந்து நின்றுவிடுகிறது. அவற்றை வரிசைப்படுத்தவோ விலக்கவோ அவரால் இயலவில்லை. தோட்டத்தில் புல் வெட்ட வரும் கிளேட்டனை ஓவியத்துக்கு உட்காரச் சொல்கிறார். அவன் உட்கார, இவர் பேசுகிறார். வரைவது சாக்கு, பேச ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வேலைச் சுற்றி மனிதர்கள் இல்லாமல் இல்லை. ஹானா பல ஆண்டுகளாக அவருக்குச் சமைத்துப் போட்டு, மருந்து எடுத்துக் கொடுத்து, தாயைப் போலக் கடிந்துகொண்டு காத்து வருகிறாள். சமயப் பற்று மிகுந்த அவள், தன் எசமானர் நரகத்துக்குத்தான் போவார் என்று மெய்யாகவே நம்புகிறாள். நம்பிக்கொண்டே அவர் மீது உயிரையும் வைத்திருக்கிறாள். வேலோடு இருபதாண்டுக் காலம் இணைந்து வாழ்ந்து பின்னர் பிரிந்த படத்தயாரிப்பாளர் டேவிட் லூயிஸ் கடமை தவறாமல் வந்து நலம் விசாரித்துப் போகிறார். திரைப்படப் பைத்தியம் பிடித்த ஒரு மாணவன் பேட்டிக்கு வருகிறான். அரக்கன் படங்களைத் தவிர வேறு எதைப் பற்றியும் கேட்க அவனுக்கு விருப்பமில்லை. சலித்துப்போன வேல், ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் ஆடையைக் களைய வேண்டும் என்று அவனிடம் ஒரு விளையாட்டைத் தொடங்குகிறார். அரங்கில் சிரிப்பு எழும் காட்சி அது. சிரிப்பு அடங்கியபின் எஞ்சுவது வேறு. அந்த மாணவனுக்கு வேலின் புகழ் வேண்டும். வேலுக்கோ அந்த அறையில் ஏதேனும் ஒன்று உயிரோடு நிகழ வேண்டும்.

ஆக, இவர்கள் ஒவ்வொருவரும் வேலின் ஒரு துண்டை அறிந்தவர்கள். ஹானா அவருடைய உடம்பை அறிவாள், காதலை அறிய மறுப்பாள். லூயிஸ் காதலை அறிவார், டட்லியின் வறுமையை அறியார். மாணவன் படங்களை அறிவான், அவற்றின் வேரை அறியான். முழு மனிதனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. இப்படம் காட்டும் தனிமை ஆளில்லாத வீட்டின் தனிமை அன்று. சாட்சி இல்லாத வாழ்வின் தனிமை.

அந்தச் சாட்சி ஏன் இல்லாமற் போயிற்று என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. வேல் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1885இல், ஆண்களுக்கிடையேயான உறவைத் தனிமையில் நிகழ்ந்தாலும் தண்டிக்கும் சட்டப்பிரிவை இங்கிலாந்து கொண்டு வந்தது. அதே பிரிவின் கீழ் 1895இல் ஆஸ்கார் வைல்டு ஈராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஐந்து வயதுச் சிறுவன் வேல் வளர்ந்து ஆளானது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஊர்களில். ஹாலிவுட்டில் 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள், திரையில் இத்தகைய காதலின் சாயலுக்கும் தடை விதித்தன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973 வரையில் இதை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. வேல் இறந்து நான்கு மாதம் ஆகும் முன்னரே, 1957 செப்டம்பரில், இதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று இங்கிலாந்தின் உல்ஃபெண்டன் குழு பரிந்துரைத்தது. சட்டம் மாற மேலும் பத்தாண்டுகள் ஆயின. அவர் வாழ்ந்து மடிந்த கலிபோர்னியா தன் சட்டத்தை மாற்றியது 1975இல். அதே பிரிட்டிஷ் ஆட்சி 1860இல் இந்தியாவுக்கு எழுதிவைத்த 377ஆம் பிரிவின் பிடி, 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் தளர்ந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

இத்தனைக்கும் வேல் அஞ்சி ஒடுங்கி வாழ்ந்தவர் அல்லர். அவர் தலைமுறையினரோடு ஒப்பிட, அவர் எவருக்கும் தம்மை மறைத்துக்கொள்ளாதவர். படத்திலும் அப்படியே. கிளேட்டனிடம் தம் இயல்பைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறார். அவர் மறைப்பது வேறொன்றை. தாம் பிறந்த குடிசையையும் தந்தையின் கரிபடிந்த கைகளையும் மறைத்து, பெருங்குடியில் பிறந்தவர்போல் பேச்சையும் நடையையும் மாற்றிக்கொண்டவர் அவர். குடியானவர் வீட்டில் ஒட்டகச் சிவிங்கி வந்து பிறந்ததுபோல் தாம் பிறந்ததாகவும், என்ன செய்வதென்று அறியாத பெற்றோர் அதை ஏரில் பூட்டியதாகவும் அவர் சொல்லும் இடம் நெஞ்சில் தைப்பது. காதலுக்காக நாணாத மனிதர் ஏழ்மைக்காக நாணுகிறார். தன்பால் ஈர்ப்புக் கொண்டவர் என்றால் வாழ்நாள் முழுதும் அந்த ஒன்றையே எண்ணி வெட்கிக் கிடப்பவர் என்று கருதுவோர்க்கு இப்படம் தரும் முதல் திருத்தம் இது.

இரண்டாம் திருத்தம் இன்னும் ஆழமானது. வேலின் நினைவில் மீண்டும் மீண்டும் வந்து நிற்பவன் பார்னெட் என்னும் இளம் படைவீரன். பதுங்குகுழியில் வேலுக்கு நெருக்கமானவன். போர்க்களத்தின் முள்வேலியில் சிக்கி அவன் இறக்கிறான். உடலை மீட்க வழியில்லை. நாள்கணக்கில் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. சக வீரர்கள் காலைதோறும் அவனுக்கு வணக்கம் சொல்லிக் கேலி பேசுகிறார்கள். சிரித்தாலன்றிப் பித்துப் பிடித்துவிடும் என்னும் நிலையில் பிறந்த கேலி அது. வேலும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். அழுதிருந்தால் ஏன் அழுதாய் என்ற கேள்வி வந்திருக்கும்.

தமிழில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. தலைவன் மாய்ந்தபின் புலவரும் சுற்றத்தாரும் செயலற்று நின்று புலம்புவதைப் பாடுவது அது. அத்துறையை எண்ணும்போது வழக்கமாகக் கவனத்துக்கு வராத ஒன்று உண்டு: புலம்புவதற்கு ஓர் உரிமை வேண்டும். இறந்தவர்க்கும் அழுபவர்க்கும் இடையே உலகம் ஒப்புக்கொண்ட ஓர் உறவு வேண்டும். மனைவி அழலாம்; மகன் அழலாம்; பாணன் அழலாம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, நேரில் பார்த்தறியாத பிசிராந்தையாருக்குத் தன்னருகே ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான்; அவரும் வந்து அமர்ந்தார்; சான்றோர் வியந்து பாடினர். அது நட்பு, வேல் பார்னெட்டிடம் கொண்டது வேறு. இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே, ஓர் ஆண் இன்னோர் ஆணின் சாவில் பங்கு கொள்வதற்கு ஊரறிய ஓர் இடம் இருந்தது. பார்னெட்டின் அருகே வேலுக்கு அப்படி ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை. பாடப்படாத கையறுநிலை நாற்பது ஆண்டுகள் உள்ளே கிடந்து, உடல் தளர்ந்த காலத்தில் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

அந்த நாற்பதாண்டுகள் வேல் வாளாவிருந்தாரா? இல்லை என்கிறது படம். அவர் அரக்கனைப் படைத்தார். போரில் சிதைந்த உடல்களின் துண்டுகளால் தைக்கப்பட்டது போன்ற ஓர் உரு. பிறந்த கணத்திலேயே படைத்தவனால் கைவிடப்பட்டு, பார்த்தோரெல்லாம் அஞ்சி ஓட, அன்பு தேடி அலைவது. 1935ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு காட்சி வருகிறது. காட்டிலுள்ள குடிலில் பார்வையற்ற முதியவர் ஒருவர் தன்னந்தனியே பிடில் வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த இசையைக் கேட்டு அரக்கன் உள்ளே வருகிறான். கண் தெரியாததால் முதியவர் அஞ்சவில்லை. தம் தனிமைக்குத் துணை அனுப்பிய இறைவனுக்கு நன்றி சொல்லி அழுகிறார். அரக்கனுக்கு அப்பமும் மதுவும் கொடுத்து, நண்பன் என்ற சொல்லைக் கற்றுக் கொடுக்கிறார். சற்று நேரத்தில் கண்ணுள்ள இருவர் வந்து, அது அரக்கன் என்று கண்டு, அந்த நட்பை அழிக்கிறார்கள். கோட்டோவியத்தின் பின்னே கேள்விக்குறியோடு எழுதப்பட்ட சொல் அந்தக் குடிலில் கற்பிக்கப்பட்ட சொல்லே.

இப்படத்தின் நடுவே ஓர் இரவில் அந்தப் பழைய படம் தொலைக்காட்சியில் காட்டப்படுகிறது. வேலும் ஹானாவும் வீட்டில் அதைப் பார்க்கிறார்கள். ஊரின் வேறொரு மூலையில், மதுக்கடையில், கிளேட்டனும் அவன் நண்பர்களும் பார்க்கிறார்கள். நண்பர்கள் கேலி செய்து சிரிக்கிறார்கள். கிளேட்டனால் சிரிக்க முடியவில்லை. அவனுக்குள்ளும் ஒரு கைவிடப்பட்டவன் இருக்கிறான். போர்முனைக்குச் சென்றவன்போல் பேசித் திரிந்தவன், குடல்வால் நோயால் கொரியப் போருக்குப் போகாமலே படையிலிருந்து திரும்பியவன், தந்தையின் ஏளனத்துக்கு ஆளானவன். போரைப் பார்த்து அதை மறக்க முடியாத கிழவரும், போரைப் பார்க்காததை மறக்க முடியாத இளைஞனும் எதிரெதிரே அமர்ந்திருப்பதில்தான் இப்படத்தின் கட்டுக்கோப்பு இருக்கிறது.

முதுமையை இப்படம் அழகுபடுத்துவதில்லை. வேலின் கைகள் இனி வரைய மறுக்கின்றன. பலநாள் உட்கார்ந்த கிளேட்டன் ஒருநாள் அந்த ஏட்டைப் பார்க்கிறான். தாள் முழுதும் வெறும் கிறுக்கல். ஓவியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஏது? கண் இன்னும் பார்க்கிறது, அழகு இன்னும் அழகாகவே தெரிகிறது, கைக்கு மட்டும் அதைப் பிடிக்கும் வலிமை போய்விட்டது. எழுதுகோல் பிடிக்கும் யாரும் ஒருநாள் வந்து நிற்கக்கூடிய வாசல் அது.

வேலைக் குற்றமற்ற தியாகியாகவும் படம் காட்டவில்லை. இது அதன் நேர்மை. ஜார்ஜ் கியூகர் அளிக்கும் தோட்ட விருந்தில் பழைய நடிகர்கள் கூடுகிறார்கள். அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃபும் மணமகளாக நடித்த எல்சா லான்செஸ்டரும் வேலோடு நிற்க, படமெடுப்போர் விளக்குகளை மின்னவிட்டுச் சூழ்கிறார்கள். உலகுக்கு அவர் அரக்கனின் தந்தை மட்டுமே என்பது அங்கே உறுதியாகிவிடுகிறது. மழை வந்து விருந்து கலைகிறது. வீடு திரும்பியபின், கிளேட்டன் அந்த முதியவர் மீது கொண்ட பரிவால், அதுவரை மறுத்து வந்தபடி இல்லாமல், ஆடையின்றி அமர்ந்து வரைய இசைகிறான். வேல் அந்தப் பரிவைப் பெற்றுக்கொள்ளவில்லை. பழைய போர்க்கால நச்சுவாயு முகமூடியை அவன் முகத்தில் மாட்டி, அவனைத் தொட்டு, சீண்டி, அவன் சினம் கொண்டு தம்மைக் கொன்றுவிட வேண்டும் என்று தூண்டுகிறார். அவனைச் சந்தித்த நாள் முதலே அவர் தேடியது ஒரு கொலையாளியை. தாம் படைத்த அரக்கனையே இன்னொரு முறை படைத்து அவன் கையால் மடிய எண்ணியிருக்கிறார். கிளேட்டன் கதறி அழுகிறான். தான் அவருடைய அரக்கன் ஆகமாட்டேன் என்று மறுக்கிறான்.

படத்தின் உச்சம் இந்த மறுப்பே. தம் வேதனைக்கு இன்னொருவன் வாழ்வைப் பலியாகக் கேட்கும் அளவுக்குத் தனிமை ஒரு நல்ல மனிதரையும் கொடியவராக்கும் என்பதைப் படம் ஒளிக்கவில்லை. அந்தக் கணத்தில் இளைஞன் வெறுத்து ஓடாமல், அடிக்காமல், அழுதுகொண்டு அங்கேயே நின்றான் என்பதையும் காட்டிவிடுகிறது. வேல் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்கிறார். அன்றிரவு கனவில், அரக்கனின் நடையோடு வரும் கிளேட்டன் அவரைக் கைபிடித்துப் போர்க்களத்தின் ஊடே அழைத்துச் செல்கிறான். இறந்த வீரர்கள் வரிசையாகக் கிடக்கும் இடத்தில் பார்னெட்டின் அருகே வேல் படுத்துக்கொள்கிறார். ஒதுக்கப்படாத இடம் கனவில் ஒதுக்கப்பட்டது.

மறுநாள் காலை அவர் உயிரோடு இல்லை. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தன்பால் ஈர்ப்புக் கொண்ட பாத்திரங்களைக் கடைசியில் சாகடிப்பது திரையுலகின் பழைய வழக்கம். வீட்டோ ருஸ்ஸோ 1981இல் வெளியிட்ட 'தி செல்லுலாய்டு க்ளோசெட்' என்னும் நூலில் அந்த நீண்ட பட்டியலைத் தொகுத்துக் காட்டினார். இப்படமும் அப்பட்டியலில் மேலும் ஒன்றுதானா? வேலின் சாவு திரைக்கதை வகுத்த தண்டனை அன்று, நடந்த செய்தி. அதற்கும் மேலாக, அவர் எழுதி வைத்த கடிதம் நோயையும் வலியையும் முதுமையையும் காரணமாகச் சொல்கிறதே தவிர, தம் இயல்பைக் குறித்த வெட்கத்தை அல்ல. பல ஆண்டுகள் லூயிஸின் பொறுப்பில் இருந்த அக்கடிதம் பின்னாளில்தான் வெளிவந்தது. படமும் அந்த எல்லையை மீறவில்லை. அவர் எடுத்த முடிவை வீரம் என்றும் போற்றவில்லை. அவருக்காக உணவு எடுத்துவைக்க வந்த ஹானாவின் அலறலும், குளத்தில் குதித்துத் தூக்கிய கிளேட்டனின் தவிப்பும் அந்தச் சாவு உயிரோடிருப்பவர்க்கு என்ன செய்தது என்பதை ஒளிவின்றிச் சொல்கின்றன. தம்மை நேசிக்க யாருமில்லை என்று எண்ணிய மனிதருக்காக இருவர் அழுகிறார்கள். அது அவருக்குத் தெரியாமற் போயிற்று. இந்தப் படத்தின் ஆறாத சோகம் அதுதான்.

அடுத்து வருவது கொடிய காட்சி. கிளேட்டன் அந்த வீட்டில் இரவு தங்கியிருந்தது தெரிந்தால் அவன்மீது பழி விழும் என்று ஹானா அஞ்சுகிறாள். இருவரும் சேர்ந்து உடலை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அழுதவனுக்குப் பெயரில்லை, அங்கே இருந்ததற்கே சான்றில்லை. நாற்பதாண்டு முன்பு பார்னெட்டுக்காக வெளிப்பட அழமுடியாமல் நின்ற வேலின் நிலைக்கு, இப்போது வேலுக்காக அழும் கிளேட்டன் வந்து சேர்கிறான். பாடும் உரிமையற்ற கையறுநிலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகிறது.

இந்தத் தனிமை, மனைவி மக்கள் இல்லாததால் வந்தது என்று கருதுவோரும் உண்டு. அவர்களுக்கு மறுமொழியாக, 2019இல் ஹாங்காங்கில் ரே யெங் இயக்கிய 'சுக் சுக்' என்னும் படத்தைச் சுட்டலாம். அதில் வரும் முதியவர் இருவரும் குடும்பத்தினர். ஒருவர் மனைவியும் மக்களும் பேரக்குழந்தையும் உள்ள டாக்சி ஓட்டுநர். மற்றவர் மகன் வீட்டில் பேத்தியோடு வாழும் ஓய்வுபெற்றவர். ஆண்களுக்கிடையேயான உறவு குற்றம் என்ற சட்டம் அந்நகரில் நீங்கியதே 1991இல். அவர்கள் காலம் கடந்து ஒருவரையொருவர் கண்டடைகிறார்கள். உணவு மேசையைச் சுற்றிலும் உறவுகள். அங்கும் சொல்லமுடியாத ஒரு சொல். தம்மைப் போன்றவர்க்கென்று ஒரு முதியோர் இல்லம் கேட்கலாமா, கேட்பதற்கு முகத்தை வெளியே காட்டுவது யார் என்று அப்படத்தின் முதியவர்கள் தம்முள் விவாதிக்கும் இடம், வேலின் கேள்வி தீர்ந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. வீடு நிறைந்திருந்தாலும் சாட்சி இல்லாத வாழ்வு தனித்த வாழ்வே.

மீண்டும் வேலின் கதைக்கு. ஆண்டுகள் கழிகின்றன. கிளேட்டனுக்குத் திருமணமாகி ஒரு மகன் இருக்கிறான். தந்தையும் மகனும் தொலைக்காட்சியில் 'பிரைட் ஆஃப் பிராங்கென்ஸ்டைன்' பார்க்கிறார்கள். இதை எடுத்தவரை எனக்குத் தெரியும் என்கிறான் தந்தை. மகன் நம்பவில்லை. அப்போதுதான் அந்தக் கோட்டோவியம் வெளியே எடுக்கப்படுகிறது. அதன் பின்புறச் சொல் காட்டப்படுகிறது. பின்னர் கிளேட்டன் குப்பையைக் கொட்ட வீட்டுக்கு வெளியே செல்கிறான். மழை பெய்கிறது. யாருமில்லாத தெருவில், கைகளை முன்னே நீட்டி, கால்களை விறைத்து, அரக்கனின் நடையை நடந்து பார்க்கிறான். படம் முடிகிறது.

அந்த நடை என்ன? கேள்விக்குறிக்கு அவன் தந்த விடை. வாயால் சொன்னால் விளக்கம் கேட்பார்கள். எழுதினால் பொருள் பிரிப்பார்கள். உடம்பால் சொல்கிறான். தெருவில் பார்ப்போர் எவரேனும் இருந்திருந்தால், ஒருவன் விளையாடுகிறான் என்றே எண்ணியிருப்பார்கள். அவனும் மறைந்த முதியவரும் மட்டுமே அறிந்த ஒரு மொழியில் அங்கே ஒரு கையறுநிலை பாடப்பட்டது. குருதியால் வாரிசு இல்லாத மனிதருக்கு, காதலனும் அல்லாத, உறவினனும் அல்லாத ஒரு புல்வெட்டும் தொழிலாளி வாரிசாகிறான். அவன் பெற்ற சொத்து ஒரு தாள்; அதைவிட, ஒரு மனிதனின் முழுக் கதை.

வேலாக நடித்த இயன் மெக்கெல்லன் 1988இல், தம் 48ஆம் வயதில், வானொலி நிகழ்ச்சியொன்றில் தம்மைத் தன்பால் ஈர்ப்புக் கொண்டவர் என்று உலகறியச் சொன்னவர். வேலுக்கும் அவருக்கும் இடையே பிறந்த ஆண்டில் ஐம்பது ஆண்டு இடைவெளி. அந்த ஐம்பது ஆண்டில் சட்டம் மாறியது, சொற்கள் மாறின. முதியவரின் கேள்வியை ஒரு நடிகர் தம் சொந்த அறிவோடு உச்சரிக்க முடிந்தது. இப்படத்தில் அவருடைய கண்களில் தெரியும் குறும்பும் அச்சமும் வெறும் நடிப்புத் திறனால் மட்டும் வந்தவை என்று சொல்வதற்கில்லை.

அவையோரே, கவிதை என்பது பெரும்பாலும் பெயரில்லாதவற்றுக்குப் பெயர் தேடும் முயற்சி. காதலுக்குத் திணையும் துறையும் வகுத்த மொழி இது. மரணத்துக்கும் வகுத்த மொழி. ஆயினும் எந்த மொழியிலும் வகுக்கப்படாத துறைகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஜேம்ஸ் வேல் 1957ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தனியே வாழ்ந்து முடித்தார். அவருடைய ஓவிய ஏட்டில் இருந்தவை கிறுக்கல்கள். அவற்றின் பொருள் ஒருவனுக்கு மட்டும் புரிந்தது. அப்படி இன்னும் எத்தனை ஏடுகள் எந்தெந்த வீடுகளில் மூடிக் கிடக்கின்றனவோ! அவற்றைத் திறந்து பார்க்க ஒருவர் வந்து எதிரே அமர வேண்டும். அமர்ந்தவர் அஞ்சாமல் கேட்க வேண்டும்.

'நண்பனா?' என்ற கேள்வி, கேட்டவர் மறைந்த பின்னும் அந்தத் தாளின் பின்புறத்தில் விடைக்குக் காத்திருக்கிறது.